அத்தாவின் சட்டையில் சென்ட்

ஜனவரி 9, வெள்ளி

காலையில் பனி. எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன்.

அத்தாவின் பெட்டி வந்தது. துபாயில் அவரோடு ஒரே ரூமில் இருந்தவர் கொண்டுவந்தார், அரியலூர்க்காரர். அம்மா இத்தாவில், கணவரை இழந்த பெண் இருக்கும் துக்கக் காலத்தில், இருப்பதால் வெளி ஆண்கள் முன் வரக் கூடாது. வாசலில் நான்தான் வாங்கினேன்.

"உங்கத்தா நல்ல மனுசம்மா. வேல பாத்துக்கிட்டே இருந்தாரு, நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தாரு, அவ்வளவுதான்."

"டீ குடிக்கிறீங்களா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சாம்.

அத்தாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. பெட்டிதான்.

உள்ளே: கைலி, ஷேவிங் செட், தொப்பி, எனக்கென்று பிரிக்காத பேனா பாக்கெட், துவைக்காத நீலச் சட்டை, பாதி தீர்ந்த சென்ட் பாட்டில். சட்டையை அம்மா எடுத்துக்கொண்டாள். சென்ட் எனக்கு.

ஜனவரி 10, சனி

லீவு. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் பாதி முடிந்தது.

சென்ட் அட்டையில் மரம், அம்பர் என்று போட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் மரவாடியில் புதிதாக அறுத்த பலகை. கொஞ்ச நேரம் கழித்துச் சூடான பிசின். ரொம்ப நேரம் கழித்து, லேசாகக் கருகிய வெல்லப்பாகு.

இந்த வாசனைக்கு ஓர் ஆள் இருந்தால்: நிதானமாகப் பேசுவார். ஹோட்டலில் விலை பார்க்காமல் ஆர்டர் சொல்வார். யாருக்காகவும் ஒதுங்கி நிற்க மாட்டார்.

அத்தா அப்படி இல்லை. பெரம்பலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுவார். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து இறங்கும்போது முதலில் இந்த வாசனை, பின்னால்தான் அத்தா. ஒரு மாதத்தில் போய்விடுவார். அதனால் எனக்கு அந்த வாசனை ஆளைத்தான் நன்றாகத் தெரியும்.

அம்மா குளிக்கப் போனபோது தலையணைக்கு அடியில் இருந்து சட்டையை எடுத்து முகர்ந்தேன். சென்ட் துளிகூட இல்லை. வேர்வை, கொஞ்சம் துரு நாற்றம். பாவம் அம்மா, இதை வைத்துக்கொண்டு படுக்கிறாள். சென்டை நன்றாக அடித்து, மடித்து, அங்கேயே வைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

அதே நாள், சாயங்காலம்

மாமி வந்தார், அத்தாவின் அக்கா. தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூட. அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததுமே மாமிக்கு மூக்கு விடைத்தது.

"என்ன இது கமகமன்னு? எந்தம்பி மண்ணுக்குள்ள போயி மாசம் ஆவல. அதுக்குள்ள சென்ட் கேக்குதா?"

"புதுப்பொண்ணே தோத்தா போங்க," என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

இத்தா முடியும்வரை சென்ட், பூ, நகை கூடாது. எனக்குத் தெரியும். அம்மா மேல் அடிக்கவில்லையே, சட்டையில்தானே என்று நினைத்தேன். அம்மா தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் மாமி அடிச்சேன். அம்மாவுக்குத் தெரியாது."

"நீயாடி? நல்ல வேள. வெளிய தெரிஞ்சா உங்கம்மா பேரு என்னாவும்?" தலையில் குட்டினார், உடனே தடவியும் விட்டார். சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இரு, நானே அலசிப்புடுறேன்."

"வேணாம் மதினி. ஒரு பையில கட்டி வச்சிரலாம்."

"வாசன போவணும்ல? நீ சும்மா இரு."

சோப்புத்தூளில் ஊறப் போட்டு, கல்லில் அடித்து, நீலம் வெளுக்கும்படி கசக்கினார். நல்லதைத்தான் செய்தார்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "அத்தா வாசனதானேம்மா அடிச்சேன்?"

"அது ஏர்போர்ட்டுல அடிச்சிக்கிட்டு வர்றதும்மா. மறுநாளே போயிரும். அந்தச் சட்டையில இருந்துச்சே, அதான் உங்கத்தா."

"வேர்வையா?"

"ம்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. சட்டை கொடியில் சொட்டுகிறது. போய் முகர்ந்தேன். சோப்பு. அக்குளில், காலர் மடிப்பில், எல்லா இடத்திலும் சோப்பு.

அம்மா சாப்பிடவில்லை. எழுந்து போய்த் தன் அறையில் லைட்டை அணைத்துவிட்டாள்.