வேங்கை மரத்தில் இரண்டாவது கிளி

என் ஆசை மச்சானுக்கு,

போன இடத்தில் யாராவது உங்களுக்கு நேரத்துக்குக் காப்பி தருகிறார்களா? இங்கே சீசன் தொடங்கிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் நீங்கள் இல்லாதது அதிகமாகத் தெரிகிறது.

நமக்கென்று வேங்கை மரத்தில் நீங்கள் செய்யத் தொடங்கிய கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. தலைமாட்டுப் பலகையில் ஒரு கிளியைச் செதுக்கி முடித்திருந்தீர்கள். எதிர்க்கிளி பென்சில் கோடாக இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. "ஆசாரி ஒருத்தரைக் கூட்டியாறேன், ஒரே நாள்ல முடிச்சிருவாரு" என்கிறான் என் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் கிளிக்குப் பக்கத்தில் வேறு கை படுவதா? நானே உங்கள் செதுக்கு மெஷினை எடுத்தேன்.

அதன் முனையில் மாட்டிச் சுழலவிடும் பிட்டுகளைப் பெட்டி நிறைய வைத்திருக்கிறீர்கள். உருண்டை, சுடர்போல் கூரானது, முள் முள்ளாகப் பல் உள்ளது, மணல் ஒட்டினாற்போல் நைசானது. எதை மாட்டுவது? கம்பெனியில் வெடிமருந்து அறையில் உரசாமல், அழுத்தாமல் வேலை பார்த்தே பழகிய கை எனக்கு. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கட்டும் என்று அந்த அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைவதுபோல, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் மெஷினையே தொட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பல் உள்ளதைப் பார்த்தாலே பொறி பறக்குமோ என்று பயம். இருப்பதிலேயே நைசானதை மாட்டிப் பூப்போல ஒற்றினேன். மரம் அசையவில்லை. ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று புகை! மெஷினைப் போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டேன். "ஏக்கா, என்னாச்சு?" என்று பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

சிவகாசியில் நீங்கள் பிட்டு வாங்கும் கடைக்காரப் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தூள் அடைத்து, பிட்டு கருகிப்போயிருந்தது.

"ஏம்மா, இந்த மரத்துக்கு மொதல்ல பல்லு உள்ளதைப் போடணும். அது வெட்டிக்கிட்டே போயிரும், அம்புட்டுச் சூடு ஏறாது. நைசு கடைசியில மெருகுக்குத்தான். அவுக இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாக" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு எவ்வளவு ஏக்கம் தெரியுமா மச்சான்?

பல் பிட்டையே மாட்டினேன். கண்ணில் தூள் விழாமல் நீங்கள் மாட்டும் கண்ணாடி என் மூக்கில் நிற்காமல் வழுக்கியது, ஆனாலும் நான் விடவில்லை. இறகு இறகாக எழுந்து வந்தது. வெட்டுத் தடங்களைக் கடைசியில் நைசால் தடவினேன். சிறகோரம் கருகிய தழும்பு கொஞ்சம் இருக்கிறது. என் கிளி உங்கள் கிளியைவிடக் குண்டு. திட்டாதீர்கள்.

இரண்டு மூக்கும் சேரும் இடம் மட்டும் பாக்கி. விரல் அகலம்கூட இராது. மெஷினை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அதையும் முடித்துவிட்டால், நீங்கள் விட்டுப்போன வேலை என்று இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்?

ஆனாலும் முடிப்பேன். சத்தியமாக, வருகிற ஞாயிறு முடித்து, பலகையைக் கால்களோடு சேர்த்துக் கட்டிலைப் பூட்டிவிடுவேன். தரையில் படுப்பதை விட்டு, அன்றைக்கு அதில்தான் தூங்குவேன். ஓரமாகப் படுத்து, உங்கள் இடத்தை உங்களுக்கே விட்டுவைப்பேன்.

என்றைக்கும் உங்கள் மாமன் மகள், உங்கள் பெண்டாட்டி,
முத்துச்செல்வி