டபுள்ஸ் விஷயமாக ஒரு விளக்கம்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவும் நலம், இடுப்பின் இடது பக்கம் நீங்கலாக. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எல்லாப் பக்கமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மா படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னதை நீ நம்பவில்லை. அதோடு விடாமல், உன் பள்ளிக்கூட சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை தூக்கிப் போய்ப் பழைய இரும்புக் கடையில் போடும்படி சித்தப்பாவுக்கு உத்தரவும் போட்டுவிட்டாய். அவன் என் தம்பி. பிறந்ததிலிருந்து என்மேல் இப்படி ஓர் அதிகாரம் கிடைக்காதா என்று காத்திருந்தவன். சனிக்கிழமையே வந்து, கட்டித் தூக்க எவ்வளவு கயிறு வேண்டும் என்று அளவெடுத்துப் போனான்.

என் முழங்காலுக்காக நீ வாங்கி அனுப்பிய ஓடாத சைக்கிளை நான் குறை சொல்லவில்லை. அதில் துண்டு நன்றாகக் காய்கிறது. ஆனால் ஏறி உட்கார்ந்தால் எதிரே படுக்கையறைச் சுவர், எவ்வளவு மிதித்தாலும் அதே சுவர். அலுவலகத்திலும் இதே அனுபவம்தான், அங்கே சம்பளமாவது கொடுத்தார்கள். அதனால்தான் மாடிப்படிக்கு அடியில் கிடந்த உன் ரோஸ் நிற சைக்கிளைத் துடைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டியூப் மாற்றியவர், 'பேத்திக்கா சார்?' என்றார். எனக்கு என்றதும், 'அப்ப கூடைய கழட்டிடவா?' என்று மரியாதையாகக் கேட்டார். முதல் நாள் மருந்துக்கடைக்காரர் வாசலுக்கே வந்து நின்றார், நான் விழுந்தால் வியாபாரம் ஆகும் என்ற நம்பிக்கையில். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டே, அங்கே மிதிப்பதை நிறுத்தினேன். சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு உப்பியது. வாய்விட்டுச் சிரித்திருப்பேன் போல, எதிரே வந்த பால்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். சரிவு முடியும்வரை என் வயது எனக்கு ஞாபகம் வரவில்லை. அதை எப்படியம்மா இரும்புக் கடையில் போடுவது?

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். 'கை கால உடைச்சுக்கிட்டு வந்து நின்னா நான் கட்டுப் போட மாட்டேன்' என்றாள். பிறகு ஒரு காலை, மருந்துக்கடைவரை போகணும் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். டபுள்ஸ் நன்றாகவே போனேன். கோளாறு இறங்குவதில்தான். உன் சைக்கிளில் முன்னால் குறுக்குக் கம்பி, அதாவது பார், கிடையாது, காலை முன்பக்கமாக எடுத்து இறங்கலாம். நான் பழகியதோ பார் வைத்த சைக்கிள். கால் தன்போக்கில் பின்னால் வீசிவிட்டது. பின்னால் அம்மா இருந்தாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் விபத்து இழப்பீட்டுப் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். கட்டின கணவரே கேரியரிலிருந்து உதைத்துத் தள்ளினார் என்று ஒரு மனுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. படி என்ற கதை என் மானத்துக்காக அவள் கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கயிறோடு வந்தான். நான் தடுக்கவில்லை, உதைத்தவனுக்கு வாதாட என்ன இருக்கிறது. படிக்கு அடியில் பார்த்தால் சைக்கிளைக் காணோம். அம்மாவையும் காணோம். தெருமுனையில் பெல் சத்தம். கூடை நிறையக் காய்கறியோடு அம்மா ஓட்டிக்கொண்டு வந்தாள். முன்பக்கமாகக் காலை எடுத்துப் பூப்போல இறங்கினாள். ஓட்டத் தெரியும் என்று சொன்னதே இல்லையே என்றேன். 'நீங்க எங்க கேட்டீங்க?' இடுப்பு வலி என்னாயிற்று என்றேன். 'அது உங்க பின்னாடி உக்காந்தாதான்.' சித்தப்பாவைப் பார்த்து, 'கயிறு எதுக்கு தம்பி, துணி காயப்போடவா? குடுங்க' என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆகவே உன் உத்தரவை ரத்து செய்துவிடு. சைக்கிள் இப்போது அம்மா வசம், பிடுங்க உன் சித்தப்பாவுக்குத் தைரியம் போதாது. தினமும் சரிவுக்குப் போகிறோம், டபுள்ஸ்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எகிறாதே, குழந்தைக்கு சைக்கிள் பழக்கினால் ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடு. மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். வரும்போது மறக்காமல் கேரியருக்கு ஒரு மெத்தை வாங்கி வா. அளவு அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

அன்புடன்,
அப்பா