யார் பார்க்கலாம்?

திக்லிபூர்
11 மே 2025

அன்புள்ள சுதாவுக்கு,

அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. போனில் பேசினால் கடைக்கு வந்து நிற்கிற நாலு பேர் காதில் விழும். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பவளின் கஷ்டம், போர்ட் பிளேரில், மின்னி பேயில் கடல் பார்த்த குவார்ட்டர்ஸில் இருக்கிற உனக்கு எங்கே புரியப் போகிறது!

விஷயம் தஸ்லிமாவைப் பற்றி. உங்கள் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள். நேற்று போனிலேயே உங்கள் புது ஃபார்மைத் திறந்தாள். பெயர், மார்க், ஊர் எல்லாம் சரியாகத்தான் போனது. நடுவில், "பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படிப்பு விட்டுப் போனதற்குக் காரணம்" என்று ஒரு கேள்வி. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடமாட்டேன் என்கிறது. என் மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காரணம் உனக்குத் தெரியும். மதுரையில் மனநல ஆஸ்பத்திரியில் அவள் இருந்தது எனக்கும் அவள் அத்தாவுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ஊரைப் பொறுத்தவரை அவள் மெயின்லேண்டில் பெரியம்மா வீட்டில் தையல் படித்தாள். ஃபார்மிலும் அதையே எழுதேன் என்றால், "டாக்டர் இனிமே எதையும் மறைக்காதேன்னு சொன்னாங்கல்லம்மா" என்கிறாள். என்ன எழுதட்டும்?

உன்
ஆசியா

*

மின்னி பே, போர்ட் பிளேர்
18 மே 2025

என் அன்பு ஆசியா,

உன் கடிதத்தை ஆபீஸில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். குழந்தை உள்ளதையே எழுதட்டும். இந்த வருடம் அட்மிஷன் பொறுப்பு என்னுடையது. அந்தப் பதிலை நான் ஒருத்திதான் படிப்பேன்.

அந்த ஃபார்மைத் தேர்ந்தெடுத்ததே உன் சிநேகிதிதான், தெரியுமா? பிரின்சிபால் ஸ்ரீதர் சார் இரண்டு சாஃப்ட்வேரைக் காட்டி, "நீங்களே முடிவு பண்ணுங்க மேடம்" என்றார். கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் பாலகுமாருக்கு மற்றதுதான் பிடித்திருந்தது. அது மார்க்கும் முகவரியும் தவிர வேறு எதையும் கேட்காதாம். அட்மிஷன் முடிந்ததும், சேராதவர்களின் விவரத்தைத் தானே அழித்துவிடுமாம். ஆனால் அதில் வேலை செய்பவர் பாடு பெரும்பாடு. ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எதை வெளியே அனுப்பப் போனாலும் "யார் பார்க்கலாம்?" என்று ஒரு கேள்வி. அதற்கு மேல் இன்னொருவர் சம்மதம் வேறு. வாசற்படி தாண்டும்போதெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்கிற மாமியார் மாதிரி. எனக்கு வேண்டாமம்மா என்று இதை எடுத்தேன். ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு, ஒரே லிங்க். சேர்மன்கூடப் பாராட்டினார்.

சுதா ஆன்ட்டி இருக்கும்போது என்ன பயம் என்று தஸ்லிமாவிடம் சொல்.

என்றும் உன்
சுதா

*

மின்னி பே
22 ஜூன் 2025

ஆசியா,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. கடைப் போனை உன் வீட்டுக்காரர் எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். நடந்ததை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும்.

தேர்வான பிள்ளைகளின் பட்டியலைக் கப்பல் குரூப்பில் போட்டேன். நம் தீவுகளில் கப்பல் எப்போது கிளம்பும் என்று பார்க்க எல்லோரும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறோம். திக்லிபூர் முதல் கேம்ப்பெல் பே வரை ஒரு செய்தி போய்ச் சேர அதைவிட நல்ல வழி இல்லை. பட்டியலைப் பார்க்கவென்று எந்தப் பிள்ளையும் வீணாகக் கடல் கடந்து வர வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அனுப்பிய லிங்க் எங்கள் ஆபீஸ் பார்க்கிற லிங்க். பெயரைத் தொட்டால் அவரவர் விண்ணப்பம் முழுதாகத் திறந்துகொண்டது. காலையில் போட்டேன். சாயங்காலம் பாலகுமார் ஓடிவந்து சொல்கிற வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் தஸ்லிமா எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவள் என்னிடம் பேசுவது போல எழுதியிருந்தாள். "இப்ப நல்லா தூங்குறேன் ஆன்ட்டி" என்று முடித்திருந்தாள்.

வெட்கமாக இருக்கிறது ஆசியா. கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரக்கூட வெட்கமாக இருக்கிறது. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

சுதா

*

திக்லிபூர்
1 ஜூலை 2025

சுதா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே உன் லிங்க் எங்கள் கடைக்கு வந்துவிட்டது. பருப்பு வாங்க வந்த மண்டல் வீட்டம்மா, "பாபி, பேட்டி கா திமாக் அப் டீக் ஹை?" என்று கேட்டாள். மகளுக்கு மூளை இப்போது சரியாகிவிட்டதா என்று! கெட்ட எண்ணம் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். எடை போட்டுக்கொண்டிருந்தது தஸ்லிமா. "டீக் ஹூன் ஆன்ட்டி", சரியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி, பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வருவதே இல்லை.

அவள் அத்தா உன்னை ஒன்றும் சொல்லவில்லை. "ஒன் சிநேகிதக்காரி சொன்னான்னுதானே புள்ளைய எழுத வச்சே" என்று என்னைத்தான் கேட்டார். நீ சலித்துக்கொண்ட அந்த மாமியார் உங்கள் ஆபீஸில் இருந்திருக்கக் கூடாதா என்று மட்டும் நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சொல்லிவிட்டீர்களா? எங்கள் தெருவில் ராஜகுமாரி என்று ஒருத்தி. அவள் மகளுக்கும் உங்களிடம் இடம் கிடைத்திருக்கிறது. வீடு வீடாக மிட்டாய் கொடுத்துக்கொண்டு போகிறாள். அவள் வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனதை அந்தப் பெண் ஃபார்மில் எழுதியிருக்கிறது. கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாள் சொல்லி வந்தாள். இன்று ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியாது. நான் மிட்டாயை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன். உன் வெட்கத்தில் எனக்கும் பங்கு கொடுத்துவிட்டாய்.

ஆசியா

*

மின்னி பே
12 ஜூலை 2025

ஆசியா,

இல்லை, சொல்லவில்லை. "லிங்கைத்தான் எடுத்தாச்சே, எதுக்குக் கிளறணும்?" என்றார் ஸ்ரீதர் சார். எனக்கும் அது வசதியாக இருந்தது. உன் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்றுதான் இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது.

உன் கடிதம் வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன். என்ன வெளியே போனது, யார் தவறால் போனது என்று என் பெயரைப் போட்டே எழுதினேன். சார் கோபித்துக்கொண்டு பொறுப்பைப் பாலகுமாரிடம் கொடுத்துவிட்டார். சில அப்பாக்கள் ஆபீஸுக்கு வந்து கத்தினார்கள். ஒரு அம்மா கத்தவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நான் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை.

பாலகுமார் சொன்ன சாஃப்ட்வேருக்கே மாறிவிட்டோம். அதில் அந்தக் கேள்வி இல்லை. இடம் கொடுக்க அந்தப் பதில் எங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். எதற்கும் இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் அந்தக் கேள்வியை வைத்திருந்தான், நான் எடுக்கச் சொல்லவில்லை. அவனிடமிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக எழுதி வாங்கியிருக்கிறோம். ஆனால் ஊரார் போனில் எடுத்து வைத்துக்கொண்டதை யாரிடம் போய் அழிக்கச் சொல்வது?

தஸ்லிமாவின் இடம் இந்த மாதக் கடைசி வரை அப்படியே இருக்கும். புது ஃபார்மில் ஒருமுறை பதிந்தால் போதும். அவள் என் வீட்டிலேயே தங்கட்டும். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இந்த ஒன்றையாவது கொடு.

உன்
சுதா

*

திக்லிபூர்
24 ஜூலை 2025

சுதா,

நீ எழுதியது ராஜகுமாரிக்கும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "ஒனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்றாள். தெரியும் என்றேன். கடிதத்தை மடித்துக்கொண்டே, தஸ்லிமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். முதல் தடவையாக ஊரில் ஒருத்தியிடம் மதுரையைப் பற்றி வாய்விட்டுச் சொல்லி அழுதேன். இதற்காக உனக்கு நன்றி சொல்லமாட்டேன்.

தஸ்லிமா வருகிறாள். புது ஃபார்மை அவளே நிரப்பினாள். ஹாஸ்டலில் தங்குகிறாள். உன் வீடு வேண்டாம் என்று சொன்னது நானில்லை, அவள்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்க எல்லாரும் என்னைப் பாக்கறப்ப அந்த ஃபார்மத்தான்மா பாக்குறாங்க. அங்க பேரு தெரிஞ்சிருந்தாலும் மொகம் தெரியாது. நம்ம தெருப் பொண்ண விட்டா சுதா ஆன்ட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவங்க என்னைத் தெரியாத மாதிரி இருப்பாங்களான்னு கேளும்மா."

கேட்டுவிட்டேன். வராந்தாவில் அவள் எதிரே வந்தால் நின்று பேசாதே. சாப்பிட்டாயா என்று கேட்காதே. இளைத்துப் போயிருந்தாலும் கேட்காதே. உன்னால் அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நாம் படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பரீட்சைக்கு முதல் நாள் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் நீ. இருந்தும் கேட்கிறேன். என் பிள்ளைக்கு நீ செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. நீ எழுதினால் அவளைப் பற்றித்தான் எழுதுவாய், நானும் அவளைப் பற்றித்தான் கேட்பேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதிக்கொண்டது போதும்.

ஆசியா