இரண்டு குறையும் எண்கள்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன வாரம் பிடித்த சளி விட்டதா. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்திவிட்டேன், அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. தினம் போனில் பேசுகிற அம்மா இன்று ஏன் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் அடித்தும் அனுப்பலாம்தான், ஆனால் பத்து நாளாக அதில் ஓர் எண்ணை அடிக்கவே எனக்குக் கை வரவில்லை. மற்றபடி மாடி வீட்டுக்காரர் மோட்டாரைச் சரிசெய்துவிட்டார், தண்ணீர் வருகிறது. உன் அறை ஜன்னல் கொக்கி இன்னும் அப்படியேதான் ஆடுகிறது, காற்று அடித்தால் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது, ஆணி அடிக்கச் சொல்லி அப்பாவுக்கு நினைவுபடுத்த வேண்டும்.

எங்கள் லேப் கம்ப்யூட்டருக்கு நீ மெமரி போட்டுக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் நடந்த ஒன்றை நான் உன்னிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் திணறுகிறது என்று டாக்டரம்மா ரிப்பேர்காரரைக் கூப்பிட்டபோது அவர் மூடியைத் திறந்து பார்த்து, மெமரி செருக நாலு இடம் இருக்கிறது, இரண்டில் சின்னதாகப் பழையது இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு ஒரே பெட்டியில் வருகிற ஜோடியாக வாங்கி ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டு இடத்திலும் செருகுங்கள், ஒரு முழு நாள் சோதித்துப் பார்க்காமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள் என்று சீட்டில் எழுதியே கொடுத்தார். டாக்டரம்மா விலையைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றார். பதினாறு வருஷமாக அந்த அறையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவள் நான். நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான், நாலு பேர் முன்னால் பேச இன்றைக்கும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அன்று பார்த்து வாயைத் திறந்தேன். என் பொண்ணு இதே வேலையிலதான் இருக்கா மேடம், லீவுல வர்றா, அவகிட்டயே ஒண்ணு இருக்கும், போட்டுக் குடுப்பா என்றேன். சொல்லி முடித்ததும் காது சூடானது எனக்கே தெரிந்தது. அந்தச் சீட்டை நான் உனக்குக் காட்டவில்லை. காட்டினால் நீ புதிதாக வாங்கச் சொல்லிவிடுவாய், நான் பெருமையடித்தது வீணாகிவிடும் என்று கைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டேன். நீயும் உன் கம்ப்யூட்டரில் இருந்த ஜோடியைப் பிரித்து ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு நாணயத்தால் திருகைக் கழற்றி, பழையது இரண்டுக்கும் நடுவில் அதைச் செருகி, ஓடுது பாரும்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சோதிக்கச் சொன்ன சீட்டு என் பையில் இருந்தது, உன் கையில் இல்லை.

நன்றாகத்தான் ஓடியது. போன மாதம் ஒரு வாத்தியார் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டார். எங்கள் ரிப்போர்ட்டில் அவருக்குச் சர்க்கரை நூற்றுப் பன்னிரண்டு. ஆஸ்பத்திரியில் பார்த்தால் முந்நூறுக்கு மேல். நான் மெஷின் துப்பிய சின்னச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவள் சிட்டு, அதுதான் நீ வந்தபோது உனக்கு மருதாணி வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே நின்ற பெண். டாக்டரம்மா அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். மூணுதான் மேடம் அடிச்சேன், என் விரலுக்குத் தெரியும் என்றாள். விரலுக்குத் தெரிஞ்சது கண்ணுக்குத் தெரியலையா, மாசக் கடைசியோட நின்னுக்கோ என்று சொல்லிவிட்டார். அவள் சத்தம் இல்லாமல் அழுதுகொண்டே மறுபடியும் அடித்தாள். அடிக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று மாலைக்குள் இன்னொன்று வந்தது, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்த அளவு ஏழு புள்ளி ஒன்பது, தாளில் ஐந்து புள்ளி ஒன்பது. அடிக்கும்போது சிட்டு ஏழு என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன் பாப்பா. கேட்டும் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

மெஷின் சீட்டுகளை நான் ஒரு நீள நோட்டில் ஒட்டி வைக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டையும் ரிப்போர்ட் நகல்களையும் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் நாற்பத்தொரு தப்பு. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மூன்று ஒன்றாகிறது, ஏழு ஐந்தாகிறது, ஆறு நாலாகிறது, இரண்டு சைபராகிறது. எட்டும் ஒன்பதும் ஒரு தடவைகூட மாறவில்லை. மாறினால் சரியாக இரண்டு குறைகிறது, ஒரு தடவைகூடக் கூடவில்லை. ஒன்றுகூடக் காலையில் அடித்தது இல்லை, எல்லாம் மதியத்துக்கு மேல். தூக்கக் கலக்கத்தில் அடிக்கிற பெண்ணின் தப்பு இப்படிச் சீராக வராது. கைப்பையில் இருந்த சீட்டை எடுத்து விரித்து அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

ரிப்பேர்காரர் வந்து முதலில் சிரித்தார், ஒரு கால்ல செருப்பு ஒரு கால்ல பூட்ஸ் மாட்டி ஓடச் சொன்னா அது எத்தனை நாள்தான் ஓடும்க்கா என்றார். பிறகு சோதனை போட்டுவிட்டு உட்கார்ந்தார். பகல் பதினொன்று வரை திரை சுத்தமாக இருந்தது. இரண்டு மணிக்குச் சிவப்புக் கோடுகள் வர ஆரம்பித்தன. பழையது இரண்டையும் கழற்றினார், அப்போதும் சிவப்பு. நீ வைத்ததைக் கழற்றிப் பழையதை மட்டும் போட்டார், மாலை வரை ஒரு கோடு இல்லை. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. இதுக்குள்ள ஒரே ஒரு புள்ளி செத்திருக்குக்கா, சூடு ஏறினா அந்தப் புள்ளி வழியா போற சில எண்ணு மட்டும் ரெண்டு குறைஞ்சு வெளிய வரும், நீங்க அடிக்கிறது திரையில சரியாத் தெரியும், சேமிச்சு பிரிண்ட் எடுக்கறப்ப மாறியிருக்கும், யாருக்கும் தெரியாது என்றார். நீ வைத்த மெமரியைத் தாளில் மடித்து என் உள்ளங்கையில் வைத்தார். சீப்பு அளவுகூட இல்லை, கனமே இல்லை. இப்போது நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. அதன் ஜோடி இன்னும் உன் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, அதையும் நல்ல வெயில் நேரத்தில் சோதித்துப் பார்.

டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். ரிப்பேர்காரர் சீட்டை மறைத்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, எத்தனை ரிப்போர்ட் போயிருக்கும் என்று மட்டும் கேட்டார். மூவாயிரத்துக்கு மேல் என்றேன். எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கணும், எந்தத் தேதியில இருந்துன்னு சொல்லு என்றார். சிட்டுவைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். புது மெமரியை நீயே தேர்ந்தெடு என்று டாக்டரம்மா என் தலையில் கட்டிவிட்டார். பெரியதாக ஒன்றே ஒன்று போட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா, நாலு இடத்தையும் நிரப்பலாமா, ஜோடியாக இரண்டு போடலாமா என்று மூன்று வழி எழுதியிருக்கிறார் ரிப்பேர்காரர். தப்பு வந்தால் தானே கண்டுபிடிக்கிற மெமரியும் உண்டாம், எங்கள் கம்ப்யூட்டர் அதை ஏற்காதாம். ஒன்றை மட்டும் போட்டால் பிறகு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது என்று கொண்டுவந்து பக்கத்தில் செருகுவார், அந்த யாரோ நானாகவே இருப்பேன். நாலு போட்டால் சூடு கூடும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு, ஒரே நிற இடம், இரண்டு மதிய வெயில் சோதித்த பிறகுதான் முதல் பெயரை அடிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானா சொல்.

இனி அப்பா. நீ வந்திருந்த அந்த வாரம்தான் நீ பிடிவாதம் பிடித்து ஒரு மதியம் அவரை லேப்புக்கு அழைத்து வந்தாய். கிட்னி எண் ஒன்று புள்ளி ஒன்று, நல்லா இருக்கு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அதற்கு முந்தின வருஷம் வேறு இடத்தில் பார்த்தபோது இரண்டுக்குப் பக்கத்தில் இருந்ததை, அவர்கள் மெஷின் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். ஒன்று புள்ளி ஒன்று வந்த நாளிலிருந்து உப்பைக் குறைப்பதை விட்டுவிட்டார். கிட்னிக்கு ஆகாத மூட்டு வலி மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார், பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. என் நோட்டில் அவருடைய சீட்டைத் தேடினேன். அந்தச் சீட்டு மை மூன்று மாதம்தான் நிற்கும். அவர் பெயரை நான் பேனாவால் எழுதியது இருக்கிறது, கீழே தாள் வெள்ளையாக இருக்கிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அந்த முதல் ஒன்று ஒன்றாகவே இருக்கலாம் பாப்பா. மூன்றாகவும் இருக்கலாம். நீ கம்ப்யூட்டர் மூடியைத் திறந்தது அவருக்கு ரத்தம் எடுத்ததற்கு முந்தின நாளா, மறுநாளா என்று யோசித்து யோசித்து, இரண்டு மாதிரியும் நடந்ததாக எனக்கு ஞாபகம் வருகிறது.

மறுபடி ரத்தம் எடுக்கலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். நல்லா இருக்குன்னு தாள் வந்த பிறகும் ஊசி குத்த நீ என்ன கொசுவா என்கிறார். காரணத்தைச் சொல்லலாம். ஆனால் பஸ் டிப்போவில் ஒருத்தர் விடாமல், லேப்புல ஓடுற கம்ப்யூட்டருக்கு உசுரு குடுத்தது எம்பொண்ணுதான் என்று சொல்லிவைத்திருக்கிறார், சொல்ல வாய் வரவில்லை. நீ சொன்னால்தான் கையை நீட்டுவார். நாளைக் காலை ஆறு மணிக்கு, அவர் ஷிப்டுக்குக் கிளம்புமுன் போன் செய். காரணத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை உன்னிடம் விடுகிறேன், நான் ஊசியும் பஞ்சுமாகப் பக்கத்தில் நிற்பேன். ரத்தத்தை எங்கள் லேப்பில் பார்க்க மாட்டேன். அதற்கு முன், அன்று மூடியைத் திறந்து வைத்து உன் போனில் ஒரு படம் எடுத்தாயே, அதில் தேதி இருக்கும், அதைப் பார்த்து எழுத்தாக அனுப்பு. எண்ணாக அனுப்பாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, உன்னையே நொந்துகொள்ளாதே, அதற்கு நான் இருக்கிறேன். எங்கே இருந்தாலும் நீ நிறைவாக இரு. ஆறு மணியை மறக்காதே.

உன் அம்மா.

இதைப் படம் எடுக்கப் போகும்போது அப்பா கையில் செருப்போடு வந்துவிட்டார். செருப்பு வாரைப் போட முடியவில்லை, கால் வீங்கியிருக்கிறது, புதுச் செருப்பு இறுக்குது என்கிறார். அது போன வருஷம் வாங்கிய செருப்பு. யாருக்கு எழுதுறே என்றார், பாப்பாவுக்கு என்றேன். என் ரிப்போர்ட் நல்லா வந்ததை மறக்காம எழுது, அது கவலைப்படாம இருக்கும் என்றார். எழுதிவிட்டேன்.