கலியமூர்த்தி ஓட்டிய ஆம்புலன்ஸ்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஏலாக்குறிச்சியிலிருந்து திருமானூர் வரை பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டே வந்தது. ஆம்புலன்ஸைக் கழுவியாயிற்று. ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றியாயிற்று. கையுறை, பஞ்சு குறைவு. கேட்க வேண்டும். என் கணவர் ஸ்டீபன் சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும்.

எங்கள் டிரைவர் முருகேசன் அண்ணனுக்கு இருமல். "ஒரு நாள் லீவு போடுங்கண்ணே" என்றேன். "வூட்ல இருந்தா இன்னும் இருமுவேன்" என்றார்.

ஒரே ஒரு பிரசவக் கேஸ். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசல் வரை அவசரப்படாமல் காத்திருந்த புண்ணியவான்.

பிப்ரவரி 4, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வரும்.

மதியத்துக்கு முன்னால் அழைப்பு. கொள்ளிடக் கரைப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டரின் டிரெய்லர் வாய்க்காலில் கவிழ்ந்திருந்தது. கரும்பு வெட்ட வந்த பெண் அடியில். பெயர் அஞ்சலை, ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவன் ஏழுமலை வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

தீயணைப்பு வண்டி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. கரும்பை அள்ளி வீசி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அவளை வெளியே எடுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கல். நிறைய ரத்தம். நினைவு மட்டும் தெளிவாக.

"அக்கா, காலு இருக்கா?"

"இருக்கும்மா. பேசாம இரு."

ஸ்டிரெச்சரோடு வரப்பில் ஏறும்போது முருகேசன் அண்ணன் சேற்றில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டைப் பார்த்தவுடனே தெரிந்தது, எலும்பு முறிவு. ஸ்டியரிங் பிடிக்க வழியே இல்லை.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன். பக்கத்து வண்டிகள் எல்லாம் வேறு கேஸில். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க மேடம், பாக்கறோம்." எவ்வளவு நேரம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அஞ்சலையின் நாடித் துடிப்பு என் விரலுக்கு அடியில் மெலிந்துகொண்டே போனது.

அப்போதுதான் தீயணைப்பு வண்டியின் டிரைவர் முன்னால் வந்தார். கலியமூர்த்தி. விபத்து நடந்த இடங்களில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"நான் ஓட்டட்டுமா சிஸ்டர்?"

வெளி ஆளிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். அவருக்கும் தன் வண்டியை விட்டு நகரக் கூடாது என்று விதி. அவர்களுடைய இன்னொரு டிரைவர் லீவு. அவர்கள் ஆபீசருக்குப் போன் போட்டார்கள், கிடைக்கவில்லை.

கூட இருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் தடுத்தார். "வேணாம்ணே. நீங்க போனப்புறம் எங்கயாவது தீன்னு போன் வந்தா?"

"எங்கயோ வரப்போற தீக்கா, இங்க கெடக்குற உசுருக்கா? நீயே சொல்லு."

முருகேசன் அண்ணன் நல்ல கையால் சாவியை நீட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்.

"ஏறுங்கண்ணே."

அவர் ஓட்டியதை என்னவென்று எழுத. தீயணைப்பு வண்டியில் பின்னால் இருப்பது தண்ணீர். இங்கே ஆள். அது அவருக்கு உறைக்கவில்லை. முதல் வேகத்தடையில் நான் மேலே போய்க் கீழே வந்தேன். அஞ்சலை அலறினாள். குளுக்கோஸ் ஊசி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி, ஒரு அடி பிரேக், என் நெற்றி அலமாரியில்.

ஜன்னலைத் தட்டிக் கத்தினேன். "அண்ணே, வேகம் வேணாம்! ஆட்டாம ஓட்டுங்க! ஆட்டினீங்கன்னா இவ செத்துடுவா!"

அதற்குப் பிறகு வண்டி வேறு மாதிரி போனது. முன் சீட்டிலிருந்து முருகேசன் அண்ணன் ஒவ்வொரு பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். "பாலம் வருது, இப்பவே கால எடுங்க." இன்னொரு கையில் ஊசி ஏற்றினேன். கீழப்பழுவூர் தாண்டியதும் நாடி கொஞ்சம் சீரானது.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

கலியமூர்த்தி வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். போன் வந்தது. கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திருமானூருக்குத் தெற்கே ஒரு குடிசை எரிந்திருக்கிறது. அவர் வண்டி தண்ணீரோடு வாய்க்கால் கரையில் நின்றது. ஓட்ட ஆளில்லை, பம்ப் போடுவதும் டிரைவர்தான். வேறு ஊர் வண்டி அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஆளுங்களுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லையாம். ஆடு போச்சாம்."

எழுந்து போய், திறந்தே கிடந்த குழாயை மூடினார்.

பிப்ரவரி 5, வியாழன்

நெற்றியில் வீக்கம். ஸ்டீபன் ஐஸ் வைத்தார். காப்பியும் அவரே.

டீக்கடையில் காதில் விழுந்தவை:

"அந்தாளு செஞ்சது சரிதான்யா. மனுசன்னா அப்படித்தான்."

"எரிஞ்சது உன் வூடா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"லைசென்ஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன?"

"லைசென்ஸ் இருந்தா ஏரோப்ளேனும் ஓட்டலாமா?"

டீ வாங்கிக்கொண்டு வண்டிக்கே வந்துவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை, பெரம்பலூரில். எனக்கும் கலியமூர்த்திக்கும் சேர்த்து.

பிப்ரவரி 6, வெள்ளி

வேறொரு கேஸோடு அரியலூர் போனேன். அஞ்சலையைப் பார்த்தேன். கால் எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்குக் கீழே. உயிருக்குப் பயமில்லை.

"இருக்குன்னு சொன்னியேக்கா" என்றாள். கோபமாக இல்லை. சும்மாதான் சொன்னாள்.

"அப்ப இருந்துச்சும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஏழுமலை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "ஓட்டிட்டு வந்தவரு நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து, ஸ்டீபனிடம் சொல்லிவிட்டு அந்தக் குடிசையைப் பார்க்கப் போனேன். போகாமல் விசாரணையில் பேசக் கூடாது என்று தோன்றியது.

வீட்டுக்காரி பெயர் பச்சையம்மாள். ஐம்பது வயது இருக்கும். நான்கு மண் சுவர், மேலே வானம். மகள் ரேவதி ஜெயங்கொண்டத்தில் துணிக்கடை வேலை, வீட்டில் தையல் வேறு. மெஷின் கரிந்து மூலையில் கிடந்தது.

யார் என்று சொன்னேன்.

"நீதான் அந்த டிரைவரக் கூட்டிட்டுப் போனவளா?"

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணு பொழச்சிக்கிச்சா?"

"பொழச்சிடுச்சுங்க. காலு போச்சு."

"ம். பொழச்ச வரைக்கும் சரி." சாம்பலைக் காலால் தள்ளினாள். "ஆனா எங்கள யாரு கேட்டா? ஒருத்தி உசுருக்காவ உன் வூட்டக் குடுன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துக்கிட்டீங்கல்ல?"

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும் அது.

ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம். ஊர் வரை எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

பெரம்பலூர். வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் மின்விசிறி ஒரே சத்தம்.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள். ஒருவர் எங்கள் பக்கம், ஒருவர் தீயணைப்புப் பக்கம். கலியமூர்த்தி சீருடையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அவர் பெரிதாகப் பேசவில்லை. "தப்பு என்னுதுதான் சார். சிஸ்டர் மேல ஒண்ணும் இல்ல."

"இல்ல சார், ஏறுங்கன்னு சொன்னது நான்" என்றேன்.

எங்கள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. பின்னாடி இருந்தது நீங்க. ஒரே வார்த்தையில சொல்லுங்க. தீயணைப்பு ஆளுங்க ஆம்புலன்ஸ் ஓட்டலாமா, கூடாதா?"

"ஒரே வார்த்தைல வராது சார்."

"சரி, எப்படி வருமோ அப்படிச் சொல்லுங்க."

சொன்னேன். அன்றைக்கு அவர் ஓட்டவில்லை என்றால் அஞ்சலை இல்லை. அவர் முதலில் ஓட்டியது மாதிரியே கடைசி வரை ஓட்டியிருந்தாலும் அஞ்சலை இல்லை. லைசென்ஸ் மட்டும் போதாது. பழக்கிக் கொடுத்துவிட்டு அனுமதியுங்கள். ஆனால் அவருடைய வண்டியை ஓட்ட இன்னொருவர் அங்கே நின்றால்தான் அவரை எடுக்க வேண்டும். எரிந்த வீட்டை நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் சார் என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

தீயணைப்பு அதிகாரி கேட்டார்: "நாளைக்கே மறுபடி அப்படி நடந்தா?"

"ஏறுங்கன்னுதான் சொல்வேன் சார். ஆனா இந்தத் தடவ தெரிஞ்சு சொல்வேன்."

அவர் எழுதிக்கொண்டார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அப்படியே குரும்பலூர். முருகேசன் அண்ணன் வீடு. கையில் மாவுக்கட்டு, இருமல் அப்படியே. நடந்ததைக் கேட்டுவிட்டு, "அந்தாளு கை நல்ல கைதான் ஜெசிந்தா. காலுதான் அவசரம்" என்றார். மீன் குழம்பு. சாப்பிட வைத்துத்தான் விட்டார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

கலியமூர்த்திக்கு எச்சரிக்கை மெமோ. வேலைக்கு ஆபத்தில்லை. எனக்கு வாய்மொழியாக.

சாயந்திரம் டியூட்டி முடிந்து வந்தார். தற்காலிக டிரைவர் வண்டியை டீசல் போட எடுத்துக்கொண்டிருந்தார். "பின்னாடி நான் படுத்துட்டு வரேன் சிஸ்டர்" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே ஸ்டிரெச்சரில் ஏறிப் படுத்தார். பெல்ட் போட்டுவிட்டேன். பெட்ரோல் பங்க் போய்த் திரும்பும் வரை கண்ணை மூடவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ரோடே தெரியலயே சிஸ்டர். எப்ப குலுங்கும்னு தெரியாமலே கெடக்கணும்."

"ஆமாண்ணே."

"அந்தப் பொண்ணு எப்படித் தாங்குச்சு?"

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு டியூட்டி. ஒரு பாட்டியைக் கொண்டுபோய்விட்டேன், மூச்சிரைப்பு. கையுறை வந்துவிட்டது, அளவு பெரியது.

உத்தரவும் வந்தது. விருப்பமுள்ள தீயணைப்பு டிரைவர்களுக்கு எங்கள் வண்டியில் பயிற்சி. அவசரத்தில் ஓட்டலாம், அவர்கள் வண்டிக்கு மாற்று டிரைவர் இடத்தில் இருந்தால் மட்டும். பெயர் கொடுத்தவர்களில் முதல் ஆள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கலியமூர்த்தி போனில்: "மாத்து டிரைவர் இல்லன்னா?"

"தெரியலண்ணே."

"எனக்கும்தான்."

பிப்ரவரி 22, ஞாயிறு

நல்ல வெயில். பச்சையம்மாள் வீட்டுக்குக் கூரை போட்டார்கள். தீயணைப்பு நிலையத்தில் டியூட்டி இல்லாதவர்கள் சேர்ந்து மூங்கிலும் கீற்றும் கொண்டுவந்திருந்தார்கள். நானும் ஸ்டீபனும் போனோம். ஸ்டீபன் கயிறு எடுத்துக் கொடுத்தார், பாதி நேரம் தப்பான கயிறு. தையல் மெஷினுக்கு இன்னும் வழியில்லை.

கலியமூர்த்தி மேலே உட்கார்ந்து கீற்றுக் கட்டினார். காலையிலிருந்து பச்சையம்மாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களிடம் "இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் கட்டு" என்று அதிகாரம். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வேலை முடிந்து எல்லோருக்கும் டீ. அவருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"உன் போன் நம்பரச் சொல்லு."

"ஆபீஸ் நம்பர் எழுதித் தரேம்மா, எந்நேரமும் எடுப்பாங்க."

"ஆபீஸு வேணாம். உன்னுது."

சொன்னார். ரேவதி தன் போனில் போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி அம்மாவைக் கேட்டாள்: "பேரு என்னன்னு போடறது? தீயணைப்புன்னா, ஆம்புலன்ஸுன்னா?"

பச்சையம்மாள் காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வண்டிக்காரர்னு போடு."