உன் அப்பாவின் தாடையும் நாலு சக்கரப் பூட்டும்

உஷ்குலி, ஸ்வானெத்தி
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டாலிக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் தாடையைத் தவிர மற்ற எல்லாம் சுகம். மாடுகள் சுகம், உருளைக்கிழங்கு சுகம், என் மூட்டுவலியும் நன்றாக வளர்ந்துவருகிறது. அங்கே கனடாவில் நீயும் உன் பழைய பிக்கப் வண்டியும் நலந்தானே. போனில் அப்பா ஏன் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார் என்று கேட்டாயே, காட்டினால் நீ அழுவாய், அழுது முடித்ததும் சிரிப்பாய், இரண்டையும் அவர் தாங்கமாட்டார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. முதல் இரண்டு நாள், கர்த்தர் மன்னிக்கட்டும், நன்றாக அனுபவித்தேன். வேலைக்குப் போகும் கணவாயில் பனி விழுந்தால் வண்டியை எந்த நிலையில் போடுவது என்று நீ அவரிடம் கேட்ட கேள்விக்கு இப்போது நான்தான் பதில் எழுதவேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து உறிஞ்சுகுழலில் சூப் குடிக்கிறார், நான் தப்பாக எழுதினால் கரண்டியால் மேஜையைத் தட்டுவார். இப்போதே தட்டுகிறார். சூப்பைப் பற்றி எழுதியது பிடிக்கவில்லையாம்.

உன் ஞானப்பா ஜான்சுக்கை நினைவிருக்கிறதா, உன்னை ஞானஸ்நானத்தில் ஏந்தியவன். நம் காளை அவன் காளையின் குடலை உருவிப்போட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பேசாதவனுக்காக நம் ஸ்வான் மலைநாட்டு ஆம்பிளை வண்டியைப் பின்னால் எடுக்கமாட்டான், அது செத்தாலும் தீராத அவமானம் என்பதும் உனக்குத் தெரியும். போன மாதம் மெஸ்டியாவில் மாவு மூட்டை வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் வேனில் வருகிறோம், எங்குரி ஆற்றுக்கு மேலே அந்தக் குறுகல் வளைவில், ஒரு பக்கம் ஆளுயரப் பனிச்சுவர், மறுபக்கம் பாதாளம், எதிரே வந்து நின்றது ஜான்சுக்கின் ரஷ்ய ஜீப். மூக்கும் மூக்கும் முட்டி நின்றன. அவன் ஜன்னலைத் திறந்து காற்றிடம் பேசுவதுபோல, “சில காளைக்குக் கண்ணும் தெரியாது, ரோடும் தெரியாது” என்றான். உன் அப்பா என்னிடம் திரும்பி, “இனேசா, ரோட்டுல ஏதோ குரைக்குது பாரு” என்றார். நான் நல்ல பெண்பிள்ளையாக என்ன செய்திருக்கவேண்டும், இறங்கி இரண்டு பேரையும் கெஞ்சியிருக்கவேண்டும். நானோ, “குரைச்சா மிதிங்களேன்” என்றேன். என் வாய் அப்படி.

அவர் மிதித்தார். கியர் பக்கத்திலிருக்கும் அந்தக் குட்டி லீவரை இழுத்து, நாலு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி பூட்டுப் போட்டு, அதற்கும் கீழே மெது கியரில் தள்ளி, பம்பரை அவன் பம்பரில் ஒட்டி, ஆட்டை முட்டித் தள்ளும் ஆடு மாதிரி அவனைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்தார். ஜான்சுக்கின் ஜீப்புக்கு அது ஒன்றுமேயில்லை, நம் வேனைத் தூக்கி ஆற்றில் எறியும். ஆனால் அதில் முன்சக்கரம் வேலை செய்யவேண்டுமானால் இறங்கி, சக்கரத்தடியில் குனிந்து, நடுவிலிருக்கும் மூடியைக் கையால் திருகவேண்டும். எதிரி பார்க்கக் குனிவதா? குனியவில்லை. வெறும் பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு, பனியை ரம்பம் போல அறுத்துப் புகை கிளப்பி, பற்களைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். கண்ணாடி உடைந்தது, அவன் விளக்கு உடைந்தது, நம் வேனின் மூக்கு உள்ளே போயிற்று. ஜீப்பின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நகர்வதைக் கண்டதும் எனக்குப் புத்தி வந்தது. நிறுத்துங்க என்று கத்தி, காப்பி பிளாஸ்க்கால் அவர் மண்டையில் ஒன்று போட்டேன். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார், பிரேக்கை ஏறி மிதித்தார். இங்கேதான் டாலி, காதைக் கொடுத்துக் கேள். நாலு சக்கரமும் சேர்ந்து ஓடும், ஆனால் நிற்பதற்கு அது உதவாது. அடியிலிருந்தது கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. வேன் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், கடைசியாக ஒரு முட்டு முட்டியது. ஜீப்பின் பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஒரு பைன் மரத்தின் அடிக்கட்டை மட்டும் அதன் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அவன் பள்ளத்தில் போயிருந்தால் அது கொலை. அவன் அண்ணன்மார் மூவரும் அன்றைக்கே வந்திருப்பார்கள், ரத்தத்துக்கு ரத்தம் கேட்டிருப்பார்கள், நாம் இந்த ஊரைவிட்டே ஓடியிருப்போம், கோடையில் நீ வந்து இறங்க வீடே இருந்திருக்காது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது உன் முகம்தான். உன் அப்பாவும் வெளுத்துப்போனார். கயிற்றை இரண்டு பம்பருக்கும் மாட்டி, ஏறி உட்கார்ந்து, எந்த அவமானத்துக்குப் பயந்து இவ்வளவும் செய்தாரோ அதையே செய்தார். அதே மெது கியரில், அங்குலம் அங்குலமாக, பின்னால் எடுத்தார். ஜீப் முனகிக்கொண்டு மேலே ஏறியது. ஜான்சுக் இறங்கி வந்தான். உன் அப்பா, மடையர், ஜன்னல் வழியே சமாதானத்துக்குக் கையை நீட்டினார். அவன் கயிற்றுக் கொக்கியைப் பிடித்த கையாலேயே தாடையில் ஒரு குத்து விட்டான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, மாவு மூட்டைமேல் இரண்டு பல் வந்து விழுந்தது. அப்புறம் யாரோ பனி மண்வாரியை எடுத்து ஜான்சுக்கின் தோளில் இறக்கிவிட்டார்கள், காறை எலும்பு இரண்டாகிவிட்டது. யார் என்று கேட்காதே. உன் அப்பா கரண்டியால் என்னைச் சுட்டிக்காட்டுகிறார்.

ஓட்டத் தெம்பிருந்தது எனக்கு மட்டும்தான். உருளைக்கிழங்கு ஏற்றும் காலத்தில் ஓட்டியதோடு சரி. இரண்டு பேரையும் பின்சீட்டில் போட்டு, ஆளுக்கொரு துண்டில் ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மெஸ்டியா ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். மெது கியரை எடுக்கவேண்டும் என்று எனக்கே தெரிந்தது, வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு எடுத்தேன். பூட்டை மறந்துவிட்டேன். ஊர் நெருங்க நெருங்க ரோட்டில் பனியைச் சுரண்டியிருந்தார்கள், காய்ந்த தார். வளைவில் வேன் முயல் மாதிரித் துள்ளியது, அடியில் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் சத்தம். உன் அப்பா உடைந்த தாடையோடு ங்ஙா ங்ஙா என்று கையை ஆட்டினார், திட்டுகிறார் என்று நினைத்து நானும் திட்டினேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல், “பூட்ட எடுங்க அண்ணி, காஞ்ச ரோட்டுல பூட்டு போட்டா கியர் பெட்டி வெடிச்சிரும்!” காளைச் சண்டைக்குப் பிறகு நம் வீட்டோடு ஜான்சுக் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் பூட்டை எடுத்தேன், வேன் அமைதியானது. ஆஸ்பத்திரியில் உன் அப்பா பசு உதைத்தது என்று எழுதிக்காட்டினார், அவன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்தேன் என்றான். டாக்டர் அம்மா, “பசுவும் பரணும் ஒரே வேன்லதான் வந்துச்சா?” என்று கேட்டாள்.

அண்ணன்மார் வரவில்லை. ஆனாலும் வருவார்களோ என்று வாசலில் மண்வாரியை வைத்துக்கொண்டே தூங்கினேன். நேற்று நான்தான் வேனை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். அதே வளைவு. எதிரே அதே ஜீப், ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு ஜான்சுக். சரி, நாமே பின்னால் எடுத்துவிடுவோம், பெண்பிள்ளைக்கு என்ன அவமானம் என்று லீவரைத் தொட்டேன். அதற்குள் அவன் கதவைத் திறந்து இறங்கினான். இன்றைக்கு என் தாடை என்று நினைத்தேன். அவன் என் பக்கமே வரவில்லை. என் கண்முன்னால் பனியில் மண்டி போட்டு, ஒற்றைக் கையால் முன்சக்கர மூடியைத் திருகினான், சுற்றிப்போய் மறுபக்கமும் திருகினான். ஏறி, அகலமான இடம்வரை பின்னாலேயே எடுத்து ஒதுங்கி நின்றான். நான் கடக்கும்போது ஜன்னலை இறக்கி, “டாலிக்கு எழுதுங்க அண்ணி, பனியப் பாத்ததும் நாலு சக்கரம் போடணும், மாட்டிக்கிட்ட அப்புறம் இல்லன்னு. உங்க பசு எப்படி இருக்கு?” என்றான். சூப் குடிக்குது என்றேன்.

ஆக, கண்ணே, காய்ந்த ரோட்டில் இரண்டு சக்கரம். ரோடு முழுக்கப் பனி மூடினால் நாலு, உன் வண்டியில் நாலு போட்டாலே பூட்டும் விழுந்துவிடுமாம், தார் தெரிந்ததும் எடுத்துவிடு. முழங்காலளவு பனியும் செங்குத்தும் வந்தால் நின்று, நியூட்ரலில் போட்டு, மெது கியர். நாலு போட்டுவிட்டோம் என்று வேகம் போகாதே. எதிரே யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மடையன் வந்தாலும், நீ பின்னால் எடு. மாதா உன் சக்கரத்துக்கு முன்னால் நடக்கட்டும், உன் பிரேக்குக்குப் பின்னாலும் நிற்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். கோடையில் வா. வீடு இங்கேயேதான் இருக்கிறது. குப்தாரி ரொட்டிக்குள் வைக்கக் கறி கொத்தி வைக்கிறேன், அதற்குள் அப்பாவுக்கும் மென்று தின்ன வந்துவிடும், ஞானப்பாவையும் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மண்வாரியை மறுபடியும் கொட்டகையிலேயே வைத்துவிட்ட
உன் அம்மா,
இனேசா