இடுப்பில் நிற்காத ஷார்ட்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு இன்று வாங்கியே விட்டேன். உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ். வீட்டிலிருந்து கடைக்கு ஒன்பது கிலோமீட்டர். ஒரு மாதமாக ஓட்டுகிறேன், புண்ணாகிவிட்டது. கடையிலும் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பை தைக்க வேண்டும், பெல்ட் தைக்க வேண்டும். நேற்று நின்றுகொண்டே தைத்தேன். பக்கத்தில் தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்து, "என்னங்க, யாராவது பெரிய மனுஷன் வந்துட்டாரா? எழுந்து நிக்கிறீங்க?" என்றாள்.

சைக்கிள் கடைக்காரர் இடுப்பைச் சுற்றி டேப் பிடித்தபோது வயிற்றை எக்கினேன். "மூச்சை விடுங்க சார். டேப்பை ஏமாத்திடலாம், ஷார்ட்ஸை ஏமாத்த முடியாது." முப்பத்தாறரை இஞ்ச். அட்டையில் பார்த்து, எல் சைஸ் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்எல் கேட்டேன். தரவில்லை. தோல் மாதிரி ஒட்ட வேண்டுமாம். நின்றால் இறுக்குமாம், ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் சரியாக இருக்குமாம். "லூசா இருந்தா மெத்தை நகரும். மெத்தை நகர்ந்தா தோல் உரியும்." உள்ளே ஜட்டிகூடப் போடக் கூடாதாம். ஐம்பதை நெருங்கும்போது இதையெல்லாம் இன்னொரு ஆள் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 4, புதன்

சொர்க்கம். இருப்பதே தெரியவில்லை.

கழற்றினால் இடுப்பிலும் தொடையிலும் சிவப்பாகத் தடம். அது அப்படித்தான் விழும், கவலைப்படாதீர்கள் என்று கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். குளிக்கப் போகும்போது இவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

மார்ச் 11, புதன்

எதிரே இருக்கும் பேங்கின் காவலாளி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இன்னும் ஒரு ஓட்டை போடு. மெலிஞ்சிட்டேன் பாரு!" முகம் முழுக்கச் சிரிப்பு. ஓட்டை போடும் பஞ்ச் ரிப்பேர் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பஞ்ச் என் முன்னாலேயே கிடந்தது.

என் அண்ணனும் இப்படித்தான் வந்தார். இதே கடை, இதே ஸ்டூல். "டேய், ஒரு ஓட்டை போடுடா." போட்டேன். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கண்ணே" என்றேன். ஒன்றரை மாதத்தில் இரண்டாவது ஓட்டை. அதையும் நான்தான் போட்டேன். மூன்றாவதைப் போடும்போது இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஏன் மெலிகிறீர்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே. பெல்ட்டைப் பார்த்தே ஆளைப் பற்றிச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிறவன் நான்.

அந்தப் பயத்தில்தான் சைக்கிளே வாங்கினேன்.

மார்ச் 16, திங்கள்

சிக்னலில் நின்றபோது ஷார்ட்ஸ் கொஞ்சம் இறங்கியிருந்தது. துவைத்ததில் நெகிழ்ந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

துவைத்ததில் இல்லை. இவளிடம் கேட்டுவிட்டேன். "பச்சைத் தண்ணிலதாங்க அலசினேன். ஏன் கேக்குறீங்க?" சும்மாதான் என்றேன். "இல்ல, ஏன் கேக்குறீங்க?" என்று மறுபடி கேட்டாள். முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டதோ என்று பேச்சை மாற்றினேன்.

துணி அப்படியே இருக்கிறது என்றால் குறைந்தது எது? எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 23, திங்கள்

இன்னும் லூஸ். போன வாரம் இடுப்பில் ஒரு விரல் நுழைந்தது. இன்று இரண்டு விரல் நுழைகிறது. மூன்று தடவை நுழைத்துப் பார்த்தேன். வழியில் பாதி தூரம் ஒரு கையால் ஓட்டினேன், இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. கண்ணாடியில் கன்னம் ஒட்டின மாதிரிதான் தெரிகிறது. பக்கவாட்டில் பார்த்தால் இல்லை. நேராகப் பார்த்தால் ஒட்டியிருக்கிறது.

இவளிடம் சொல்லலாமா? சொன்னால் இவள் தாங்குவாளா? அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று, சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். வேண்டாம்.

மார்ச் 24, செவ்வாய்

மருந்துக் கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாமல் எதிர்ப்பக்கம் கடந்து நடந்தேன். திரும்பும்போதும் அப்படியே. ஒரு இரும்புப் பெட்டிக்கு இப்படிப் பயப்படுகிறேன். ஏறினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் என்ன செய்வேன்?

மார்ச் 26, வியாழன்

மெத்தை நகர்ந்து நகர்ந்து தொடையிடுக்கில் தோல் உரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சைக்கிள் கடைக்குப் போய், எம் சைஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் என்றார். இதே எல் சைஸ்தான், இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது என்றேன்.

அவர் கண் விரிந்தது. "மூணு வாரத்துல ஒரு சைஸ் குறைஞ்சிட்டீங்களா? கலக்கிட்டீங்க சார்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் குரல்தான் அது. அண்ணனிடம் நான் பேசிய குரல். அவர் டேப்பை எடுப்பதற்குள் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஐயோ, எனக்கும் அதேதானா. அதே மாதிரியேவா வரும்? கடை என்ன ஆகும், இவ என்ன பண்ணுவா, தனியா இவ என்ன பண்ணுவா.

மார்ச் 27, வெள்ளி

பஸ்ஸில் போனேன். டயர் பஞ்சர் என்று சொன்னேன்.

மார்ச் 28, சனி

பை தைக்கத் தோல் வாங்கப் போகிறேன் என்று இவளிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். நர்ஸ் எடை மெஷினில் ஏறச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டேன். "எழுபத்தெட்டு" என்று கேட்டது. டாக்டர் பழைய சீட்டைப் புரட்டினார். "போன வருஷம் எழுபத்தேழு. ஒரு கிலோ ஏறியிருக்கு. மெலிஞ்சுட்டீங்கன்னு யார் சொன்னது?"

ஷார்ட்ஸ் என்றேன். அவர் பேனா நின்றது, சிரித்துவிட்டார்.

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை முடிவு வரும். எழுபத்தெட்டு என்றால் நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. அவர்கள் மெஷின் பழையது. பேன்ட் பையில் கடைச் சாவிக் கொத்து வேறு இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

இவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கொடியில் ஷார்ட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினேன். ஏன் திருப்பினேன் என்று தெரியவில்லை.

இடுப்புப் பட்டையில் வேறு தையல். கம்பெனித் தையல் சங்கிலி மாதிரி போகும். இது வளைந்து வளைந்து போய், முடியும் இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓடியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக என் பக்கத்து மெஷினில் நான் பார்க்கும் முடிச்சு அது. உள்ளே புது எலாஸ்டிக். தொடைப் பட்டையிலும் அதே கை. பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி பிரித்து, இன்னும் பெரிய ஒட்டு. அதே நிறத்து நூல். இத்தனை நாளாக இடுப்பைத்தான் பார்த்திருக்கிறேன், துணியைப் பார்க்கவில்லை. நானெல்லாம் தையல்காரன்!

கூடையோடு உள்ளே வந்தவளிடம் நீட்டினேன். கோபம்தான் முதலில் வந்தது. "என்னடி இது?"

கூடையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சு போச்சா?"

"ஏன் பிரிச்சே?"

என் கையிலிருந்து ஷார்ட்ஸை வாங்கிக்கொண்டாள். "தடம் பதிஞ்சுதே உங்களுக்கு. எங்கப்பாவுக்கும் முதல்ல சாக்ஸ் தடம்தான் பதிஞ்சுது. சாக்ஸ் டைட்டா இருக்குன்னு பெரிய சாக்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் கால் வீங்குச்சு, முகம் வீங்குச்சு. கிட்னின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்களுக்கும் உடம்பு ஊதுதுன்னு நெனச்சேங்க. ஷார்ட்ஸ் பத்தலைன்னு தெரிஞ்சா நீங்க அன்னிக்கே ஒடுங்கிப் போயிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? அதான் உங்களுக்குத் தெரியாம லூசாக்கிட்டேன். டாக்டர்கிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தினமும் யோசிச்சிட்டே இருந்தேன்."

"நான் மெலியறேன்னு நெனச்சேன்டி" என்றேன். "அண்ணன் மாதிரி."

அவள் என்னைப் பார்த்தாள், ஷார்ட்ஸைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே போய் அழுகையில் முடிந்தது. நானும்தான். ஒரே வீட்டில், ஒருத்திக்கு நான் ஊதிக்கொண்டிருந்தேன், எனக்கு நான் கரைந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

இரண்டு பேரும் போனோம். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. கிட்னியும் சுத்தம். டாக்டர் கட்டைவிரலால் என் முழங்காலுக்குக் கீழே அழுத்திக் காட்டினார். வீக்கம் இருந்தால் பள்ளம் விழுமாம், விழவில்லை. இவளுக்கு நம்பிக்கை வராமல், அவர் எதிரிலேயே தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

சைக்கிள் கடை. டேப் பிடித்தார். முப்பத்தாறரை. ஒரு நூல்கூட மாறவில்லை. புதிதாக ஒரு எல். தடம் பதிவது வியாதி இல்லை என்று இவளுக்குப் புரியவைக்க, கடைக்காரர் தன் ஷார்ட்ஸைக் கொஞ்சம் மடித்துத் தன் தொடையையே காட்டினார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பினாள். வெளியே வந்ததும், "இதுல கை வைக்க மாட்டேன். ஆனா நீங்க ஏதாவது நெனச்சா அன்னிக்கே சொல்லணும்" என்றாள். நீயும்தான் என்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பேங்க் காவலாளி மறுபடி வந்தார். "தம்பி, உன் பஞ்ச் ரிப்பேர் சரியாச்சா?"

பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். கத்தியால் அவரே ஒரு ஓட்டை குத்தியிருந்தார், கோணலாக. அதற்கும் உள்ளே இன்னொன்று வேண்டுமாம். அதே சிரிப்பு. பஞ்சை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்தேன்.

"ஏண்ணே மெலியறீங்க?"

யாரையும் அண்ணே என்று கூப்பிட்டுப் பதினைந்து மாதம் ஆகிவிட்டது.

"சைக்கிள் ஓட்டுற நீ கேக்குறியா?" என்று சிரித்தார். நான் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிப்பு மெல்ல நின்றது. தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"சாப்பாடு இறங்க மாட்டேங்குது தம்பி. ரெண்டு மாசமா. வீட்டுல சொல்லல."

இவள் மெஷினை நிறுத்திவிட்டு, என் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். ஐந்து மணி வரை இருப்பாராம். ஷட்டரை இறக்கினோம்.